கரையும் வைப்பு நிதி: மும்பை கேட்க வேண்டிய கணக்கு

மும்பை மாநகராட்சி வங்கிகளில் போட்டு வைத்திருந்த வைப்பு நிதி 2022 மார்ச்சில் ஏறத்தாழ ரூ. 91,700 கோடி. 2025-இன் தொடக்கத்தில் அது ரூ. 82,000 கோடிக்கும் கீழே இறங்கியது. மூன்றே ஆண்டில் பத்தாயிரம் கோடி ரூபாய் கரைந்த அந்தக் காலம் முழுவதும், மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஓர் உறுப்பினர்கூட மாநகராட்சி அவையில் இல்லை. 227 உறுப்பினர்களின் பதவிக்காலம் 2022 மார்ச் 7-ஆம் தேதி முடிந்தது. அடுத்த தேர்தல் 2026 ஜனவரியில்தான் நடந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஆணையரே நிர்வாகி. வரவு செலவுத் திட்டத்தைத் தயாரித்தவரும் அவர்தான், ஏற்றுக்கொண்டவரும் அவர்தான். தாராவியின் குழாய்த் தண்ணீருக்கும், மாட்டுங்காவின் நடைபாதைக்கும், செம்பூரின் மழைநீர்க் கால்வாய்க்கும் எவ்வளவு ஒதுக்குவது என்று அவையில் எழுந்து நின்று கேட்க ஆளில்லாமல் நான்கு ஆண்டுகள் போயின. இப்போது அவை திரும்பியிருக்கிறது. எஞ்சியிருக்கும் சேமிப்பை என்ன செய்வது என்பதுதான் அதன் முன் இருக்கும் மிகப் பெரிய கேள்வி.

இந்தக் கேள்வியில் இதுவரை இரண்டு வாதங்கள் ஓங்கி ஒலித்துள்ளன. ஊரின் ஆபத்துக் காலத்துக்கென்று பல ஆண்டுகளாகச் சேர்த்த பணம், அதில் கை வைக்கக் கூடாது என்பது ஒன்று. நகரம் பள்ளமும் மேடுமாகக் கிடக்கும்போது வங்கியில் பணத்தைப் பூட்டி வைப்பது எதற்கு என்பது மற்றொன்று. 2023 ஜனவரியில் பாந்த்ரா குர்லா வளாகத்தில் பேசிய பிரதமர் இந்த இரண்டாவது பக்கமே நின்றார். இரண்டும் வைப்பு நிதியின் அளவை மட்டுமே பார்க்கின்றன. நகரத்தின் நிதி நிலை உறுதியாக இருக்கிறதா என்பதை வேறு இரண்டு விஷயங்களே காட்டும் என்பது என் கருத்து. ஆண்டு வருமானம் யார் கையில் இருக்கிறது என்பது முதலாவது. கட்டும் ஒவ்வொன்றையும் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு நடத்தப் பணம் எங்கிருந்து வரும் என்பது இரண்டாவது. இரண்டிலும் மும்பை கடந்த பத்தாண்டில் பலவீனமாகியிருக்கிறது. சேமிப்பு பெரிதாக இருந்ததால்தான் அந்தப் பலவீனம் கண்ணில் படவில்லை.

வருமானத்திலிருந்து தொடங்குவோம். ஏழு தீவுகளை இணைத்து எழுந்த ஊர் இது. தஹிசர், முலுண்ட், மான்குர்த் என்று நகருக்குள் நுழையும் வாசல்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதனால் உள்ளே வரும் சரக்கின் மீது வரி வசூலிப்பது மும்பைக்கு எளிதாக இருந்தது. ஆக்ட்ராய் என்ற அந்த நுழைவு வரி ஆண்டுக்கு ஏறத்தாழ ரூ. 7,000 கோடி தந்தது. நாக்கா எனப்படும் வரிச் சாவடிகளில் லாரிகள் மணிக்கணக்கில் காத்துக் கிடந்ததும், ஊழல் மலிந்திருந்ததும், வரியின் சுமை கடைசியில் ஏழையின் அரிசி விலையில் போய் விழுந்ததும் உண்மைதான். ஆக்ட்ராய் ஒழிந்ததற்காக யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை. ஆனால் அது மாநகராட்சி தன் கையால் வசூலித்த பணம். 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்ததும் அந்த வசூல் நின்றது. அதற்கு ஈடாக மாநில அரசு மாதந்தோறும் தொகை தரும் என்றும், 2016-17 வசூலை அடிப்படையாக வைத்து அது ஆண்டுக்கு 8 விழுக்காடு கூடும் என்றும் சட்டம் இயற்றப்பட்டது. அந்த ஜூலையில் வந்த முதல் காசோலை ரூ. 647 கோடி. ஆண்டுக்கு ஆண்டு கூடி, 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் இந்த ஈட்டுத்தொகை ரூ. 14,000 கோடியைத் தாண்டிவிட்டது. மாநகராட்சியின் வருவாய் வரவில் இது மூன்றில் ஒரு பங்கு.

கணக்குப் புத்தகத்தில் பார்த்தால் மும்பைக்கு நஷ்டமில்லை, லாபம்தான் என்று தோன்றும். ஆனால் அந்தப் பணத்தைத் தருகிறவரின் நிலை என்ன என்று பார்க்க வேண்டும். ஜிஎஸ்டியால் ஏற்பட்ட இழப்புக்காக மாநிலங்களுக்கு மத்திய அரசு அளித்துவந்த ஈட்டுக்கான ஐந்தாண்டு உத்தரவாதம் 2022 ஜூனோடு முடிந்துவிட்டது. அதன்பின் மகாராஷ்டிர அரசு தன் சொந்தக் கஜானாவிலிருந்தே மும்பைக்குத் தருகிறது. அந்த அரசின் கடன் ரூ. 9 லட்சம் கோடியைத் தாண்டும் என்று அதன் 2025-26 நிதிநிலை அறிக்கையே சொன்னது. பெண்களுக்கு மாதம் ரூ. 1,500 வழங்கும் லாட்கி பஹின் திட்டத்துக்கு மட்டும் அந்த ஆண்டு ரூ. 36,000 கோடி. ஏழைப் பெண்ணின் கைக்குப் போகும் பணத்தை நான் குறை சொல்ல மாட்டேன். தாராவியில் எத்தனையோ வீடுகளில் அந்தத் தொகைதான் பள்ளிக் கட்டணம். ஆனால் மாநிலத்தின் கை இறுகும் நாளில் எந்தச் செலவு முதலில் தள்ளிப்போகும் என்பதற்குச் சான்று இப்போதே உள்ளது. மாநில அரசுத் துறைகள் மாநகராட்சிக்குத் தர வேண்டிய பாக்கி ரூ. 9,000 கோடிக்கு மேல் என்பது 2025-இல் வெளிவந்த கணக்கு. இப்போதுள்ள பாக்கியையே வசூலிக்க முடியாத மாநகராட்சி, தன் வரவில் மூன்றில் ஒரு பங்கை அதே கையிலிருந்து எதிர்பார்த்து நிற்கிறது.

மற்ற இரண்டு பெரிய வரவுகளும் இதைவிடத் தெம்பானவை அல்ல. கூடுதல் மாடி கட்ட அனுமதி கேட்கும் கட்டுமான நிறுவனங்களிடமிருந்து கிடைக்கும் கட்டணங்கள் 2025-26-இல் ரூ. 9,700 கோடி வரும் என்று மதிப்பிட்டார்கள். வீட்டுச் சந்தை சூடாக இருந்தால் வரும். சரிந்தால் அதுவும் சரியும். அது ஒரு மனைக்கு ஒருமுறை கிடைக்கும் பணம். கோபுரம் எழுந்த பிறகு அதற்குத் தண்ணீரும் சாக்கடையும் குப்பை லாரியும் காலத்துக்கும் தர வேண்டியது மாநகராட்சிதான். நிலையாக, ஆண்டுதோறும், உள்ளூரிலேயே கிடைக்கக்கூடியது சொத்து வரி ஒன்றுதான், அது 2025-26 திட்டத்தில் ரூ. 5,200 கோடியில் நின்றது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்தப்பட வேண்டிய அந்த வரி 2020-இல் கொரோனாவைக் காட்டித் தள்ளிவைக்கப்பட்டது. தேர்தல், வழக்கு என்று அடுத்தடுத்த காரணங்களால் தள்ளிவைப்பே வழக்கமாகிவிட்டது.

உலகின் சிறு தீவுகள் சில இந்தப் பாடத்தை நமக்கு முன்பே படித்திருக்கின்றன. பசிபிக் கடலில் நவ்ரு என்று ஒரு நாடு, 21 சதுர கிலோமீட்டர்தான். அங்கே மண்ணுக்கடியில் பாஸ்பேட் இருந்தது. 1968-இல் விடுதலை பெற்ற நவ்ரு, சுரங்கத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, பாஸ்பேட் தீர்ந்த பிறகு பிழைப்பதற்கென்று ஓர் அறக்கட்டளை நிதியைச் சேர்த்தது. 1990-களின் தொடக்கத்தில் அதன் மதிப்பு நூறு கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல். மக்களுக்கு வருமான வரி இல்லை. அரசு மெல்போர்னில் வானளாவிய கட்டடம் கட்டியது, விமான நிறுவனம் நடத்தியது, லண்டனில் ஒரு நாடகத்துக்குக்கூடப் பணம் போட்டது. பத்தாண்டுகளில் நிதி கரைந்து, கடனுக்காக 2004-இல் அந்த மெல்போர்ன் கட்டடமும் கைமாறியது. குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்று நம் பெரியவர்கள் சொன்னது நவ்ருவில் எழுத்துக்கு எழுத்து நடந்தது. தீவின் நடுவிலிருந்த மேட்டு நிலத்தையே தோண்டி விற்றுவிட்டார்கள்.

அதே கடலில் கிரிபாட்டி என்ற மற்றொரு தீவு நாடும் பாஸ்பேட்டை விற்றது. அங்கே 1956-இல், பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்திலேயே, வருவாய்ச் சமன்பாட்டுக்கென ஒரு நிதியம் தொடங்கினார்கள். 1979-இல் சுரங்கம் மூடப்பட்டது. நாடு விடுதலை பெற்றதும் அதே ஆண்டுதான். பாஸ்பேட் போய் நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த நிதியம் இன்றும் உயிரோடு இருக்கிறது. நவ்ருவைவிட கிரிபாட்டி செல்வமிக்க நாடு அல்ல, ஏழை நாடு. பணத்தை எப்போது எடுக்கலாம், எதற்கு எடுக்கலாம் என்ற கட்டுப்பாடு அங்கே பெரும்பாலும் நிலைத்தது. மீன்பிடி உரிமக் கட்டணம் என்ற வேறொரு நிலையான வருமானமும் அதன் கூடவே வளர்ந்தது. மும்பையின் பாஸ்பேட் அதன் நிலம். கட்டடப் பரப்பை விற்றும், ஆக்ட்ராய் காலத்தில் மிச்சம்பிடித்தும் சேர்ந்ததே இந்த வைப்பு நிதி. நிலம் மறுபடி விளையாது.

சரி, அந்தப் பணம் என்ன வாங்குகிறது? 2025-26 வரவு செலவுத் திட்டம் ரூ. 74,427 கோடி. அதில் 58 விழுக்காடு, ரூ. 43,000 கோடிக்கு மேல், மூலதனப் பணிகளுக்கு. இதற்கு அந்த ஆண்டின் வரவு போதாததால் சிறப்பு நிதிகளிலிருந்து ரூ. 16,000 கோடிக்கு மேல் உள்ளேயே மாற்றிக்கொள்ளத் திட்டமிட்டார்கள். தற்காலிக மாற்றம் என்று அதற்குப் பெயர். திருப்பிப் போடும் நாள் எது என்று சாதாரணக் குடிமகன் அறிய வழியில்லை. கையிலிருக்கும் வைப்பு நிதியிலும் ஏறத்தாழ பாதி, ஊழியர்களின் வருங்கால வைப்பு நிதி, ஓய்வூதியம், ஒப்பந்ததாரர்கள் கட்டிய முன்பணம் போன்றவை. அதைத் தொட முடியாது. தொடக்கூடிய மீதியை, ஏற்கெனவே கையெழுத்தான பணிகளின் மொத்த மதிப்போடு வைத்துப் பார்த்தால் ஒட்டவே ஒட்டாது. அந்த மதிப்பு ரூ. 2 லட்சம் கோடியையும் தாண்டிவிட்டது.

இந்தப் பணிகளை எல்லாம் ஒரே தட்டில் வைத்துப் பழிப்பது நியாயமாகாது. ஏழு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்படுகின்றன. தாராவியும் அவற்றில் ஓர் இடம். பல தலைமுறைகளாக மும்பை தன் கழிவை அரைகுறையாகச் சுத்தம் செய்து கடலில் விட்டது. மித்தி நதி நாற்றமெடுத்த சாக்கடையானதற்கும், கோலிவாடா மீனவர்களின் வலை வெறுமையானதற்கும் அதில் பங்குண்டு. இந்த நிலையங்களுக்காக வைப்பு நிதியில் பாதி போனாலும் தகும் என்பேன். கடலோரச் சாலையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. பிரின்சஸ் தெரு மேம்பாலத்திலிருந்து வர்லி வரை 10.58 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ரூ. 14,000 கோடி ஆனது. சுங்கம் கிடையாது, ஆகவே வரவும் கிடையாது. சுரங்கத்தின் காற்றோட்டம், விளக்கு, கடல் அரிப்புக்கு எதிரான பராமரிப்பு எல்லாம் மாநகராட்சியின் தலையில். இரு சக்கர வாகனமும் ஆட்டோவும் அதில் போக முடியாது. தாராவித் தோல் பட்டறையில் வேலை செய்பவரும், மாட்டுங்கா மெஸ்ஸில் பரிமாறுபவரும், செம்பூரில் வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணும் தங்கள் பங்குக்கு அந்தச் சாலைக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதில் பயணிக்கும் வாய்ப்பு அவர்களுக்கு அரிது.

அவர்கள் ஏறுவது பெஸ்ட் பேருந்தில். 2019-இல் பெஸ்ட்டும் மாநகராட்சியும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. நிறுவனத்தின் சொந்தப் பேருந்துகள் 3,337-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்வதாக அதில் எழுதினார்கள். அந்த ஆண்டு ஜூலையில் குறைந்தபட்சக் கட்டணம் 8 ரூபாயிலிருந்து 5 ரூபாய்க்கு இறங்கியது, பயணிகள் கூட்டம் திரும்பி வந்தது. பிறகு பழைய வண்டிகள் கழிக்கப்பட்டன, அந்த அளவுக்குப் புதியவை வாங்கப்படவில்லை. சொந்தப் பேருந்துகள் சில நூறாகச் சுருங்கின. ஒப்பந்த நிறுவனங்களின் வண்டிகளும் போதவில்லை. 2025 மே மாதம் கட்டணம் 5 ரூபாயிலிருந்து 10 ரூபாயானது. அந்த ஆண்டு பெஸ்ட்டுக்கு மாநகராட்சி ஒதுக்கிய மானியம் ரூ. 1,000 கோடி. கடலோரச் சாலைக்கு ஆன செலவு அதைப் போலப் பதினான்கு மடங்கு. நிதி நெருக்கடி என்ற சொல் பேருந்து விஷயத்தில் மட்டும் ஏன் இவ்வளவு எளிதாக வாயில் வருகிறது?

கட்டுவதற்குப் பணம் உண்டு, நடத்துவதற்கு இல்லை என்ற இந்த நோய் எல்லா இடத்திலும் தெரிகிறது. மாநகராட்சியில் ஏறத்தாழ 1.45 லட்சம் பணியிடங்கள் இருக்கின்றன. அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலி என்பது 2024-இன் நிலை. தாராவிக்காரர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் சயான் ஆஸ்பத்திரிதான். மாநகராட்சி நடத்தும் லோகமான்ய திலக் மருத்துவமனை. அங்கே புதுக் கட்டடம் எழுவது நல்லது, ஆனால் செவிலியரும் பரிசோதனைக்கூட ஊழியரும் மருந்தும் மூலதனச் செலவில் வருவதில்லை. குடிசைப் பகுதிகளின் பொதுக் கழிப்பறைகள் இன்னும் தெளிவான உதாரணம். 1990-களில் உலக வங்கி உதவியோடு தொடங்கிய திட்டத்தின்படி கட்டடத்தை மாநகராட்சி கட்டித் தரும். தண்ணீர்க் கட்டணம், மின்கட்டணம், செப்டிக் டேங்க் துப்புரவு ஆகியவற்றை அங்கே வசிப்பவர்களின் சங்கம் மாதச் சந்தா வசூலித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். திறப்பு விழாவுக்கு மாநகராட்சி வரும், டேங்க் நிரம்பும்போது வராது. குடும்பத்துக்குத் தனிக் கழிப்பறை உள்ளவர்களின் சாக்கடையைப் பொதுப் பணத்தில் இழுத்துச் செல்லும் நகரம், அது இல்லாதவர்களிடம் ஒவ்வொரு நாளைக்கும் காசு கேட்கிறது.

கையிருப்பைக் காத்துச் செலவிடச் சொன்னால் எழும் மறுப்புகளில் வலுவானது ஒன்று உண்டு. வங்கியில் கிடக்கும் பணத்துக்குக் கிடைக்கும் வட்டியைவிட சிமென்ட், இரும்பு, கூலி ஆகியவற்றின் விலை வேகமாக ஏறினால், காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் அதே பணத்துக்குக் குறைவாகத்தான் கட்ட முடியும். ஆகவே இன்றே கட்டுவதுதான் சிக்கனம் என்கிறார்கள். கழிவுநீர் நிலையத்துக்கு இந்த வாதம் முழுக்கப் பொருந்தும். ஆனால் இது எந்தப் பணி முதலில் என்ற கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. விலை ஏறும் என்பதாலேயே கண்ணில்பட்டதை எல்லாம் ஒரே நேரத்தில் தொடங்கினால், ஒப்பந்ததாரர்கள் சிலர் கையிலேயே எல்லாப் பணியும் போய்ச் சேரும், விலையும் அவர்கள் சொல்வதுதான். 2023-இல் நகரின் சாலைகளை ஒரே மூச்சில் கான்கிரீட் ஆக்கத் தொடங்கியபோது பல தெருக்கள் மாதக்கணக்கில் தோண்டிப் போட்டபடி கிடந்ததை மும்பைவாசிகளுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. நிர்வாகத்தின் திறனுக்கு மேல் செலவிட்டால் அந்தப் பணத்திலும் ஒரு பகுதி வீணாகவே போகும்.

நாட்டின் நிதித் தலைநகரை மாநில அரசோ மத்திய அரசோ மூழ்கவிடாது என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். மூழ்கவிடாது என்பது சரியாகவே இருக்கலாம். காப்பாற்ற வருகிறவர் என்ன விலை கேட்பார்? பிரிட்டனின் பர்மிங்காம் நகர மன்றம் 2023 செப்டம்பரில் தன்னால் செலவுகளைச் சமாளிக்க முடியாது என்று சட்டப்படி அறிவித்தது. லண்டன் அரசு தன் ஆணையர்களை அனுப்பியது. அடுத்த ஆண்டே உள்ளாட்சி வரி பத்து விழுக்காடு ஏறியது, சொத்துகள் விற்பனைக்கு வந்தன, நூலகங்களும் இளைஞர் சேவைகளும் வெட்டுப்பட்டன. அங்கே நகரம் மறையவில்லை; நகரத்தை ஆளும் உரிமை மறைந்தது. நான்கு ஆண்டுகள் தேர்தலே இல்லாமல் நிர்வாகி ஆட்சியில் இருந்த மும்பைக்கு அதன் பொருள் நன்றாகவே புரிய வேண்டும்.

சேமிப்பு எதற்காக என்பதை மும்பை ஒருமுறை கண்ணாரக் கண்டிருக்கிறது. 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்குள் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நெருங்கி வாழும் இடம் சுடுகாடாகும் என்று உலகமே பயந்தது. ஜி நார்த் வார்டு ஊழியர்கள் வீடு வீடாகப் போய்ச் சோதித்தார்கள், பள்ளிகளும் மண்டபங்களும் தனிமைப்படுத்தும் மையங்களாயின, உள்ளூர் மருத்துவர்கள் கூட நின்றார்கள்; ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் தாராவியை உதாரணமாகச் சொன்னார். யாரிடமும் கையேந்திக் காத்திருக்காமல் மாநகராட்சியால் அன்று செலவிட முடிந்ததற்கு அந்தக் கையிருப்பும் ஒரு காரணம். அதே காலத்தையும் உள்ளடக்கிய ரூ. 12,000 கோடிச் செலவை ஆராய்ந்து 2023 மார்ச்சில் வெளிவந்த தலைமைத் தணிக்கையாளரின் சிறப்பு அறிக்கை, டெண்டர் இல்லாமல் பணிகள் தரப்பட்டதையும், ஒப்பந்தமே எழுதாமல் பணிகள் நடந்ததையும் பட்டியலிட்டது. ஆபத்துக்குக் கையிருப்பு வேண்டும் என்பதற்கும், அதற்குக் காவல் வேண்டும் என்பதற்கும் அந்த ஆண்டுகளே சாட்சி.

அப்படியானால் வருமானத்தைக் கூட்ட வேண்டும், யாரிடமிருந்து என்ற கேள்வி வருகிறது. 2025-26 திட்டம் கண்டுபிடித்த விடை, குடிசைப் பகுதிகளில் இயங்கும் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் சொத்து வரி. ஐம்பதாயிரம் இடங்களிலிருந்து ரூ. 350 கோடி வரும் என்று மதிப்பிட்டார்கள். தாராவியின் பேக்கரி, தையற்கூடம், மறுசுழற்சிக் கிடங்கு, தோல் பட்டறை எல்லாம் இதில் அடங்கும். சம்பாதிக்கிறவர் வரி கட்டட்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. தாராவி வணிகர்களில் பலருக்கும் இருக்காது. ஆனால் இந்த வரியைக் கட்டுவதால் அவர்களுடைய இடம் சட்டப்படி அங்கீகாரம் பெறாது, தண்ணீர் இணைப்பும் உறுதியாகாது. மறுபுறம் பாருங்கள்: 2022 ஜனவரி முதல் 500 சதுர அடிக்குட்பட்ட வீடுகளுக்குச் சொத்து வரி முழுவதும் தள்ளுபடி. அதனால் ஆண்டுக்கு ரூ. 460 கோடிக்கு மேல் இழப்பு. தாராவிப் பட்டறைகளிடம் புதிதாக வசூலிக்க நினைக்கும் தொகையைவிட இது அதிகம்.

இந்தத் தள்ளுபடி ஏழைக்கும் நடுத்தர வர்க்கத்துக்கும் கிடைத்த நிம்மதி, அதைப் பறிப்பதா என்று மாட்டுங்காவிலும் செம்பூரிலும் கேட்பார்கள். ஓய்வூதியத்தில் பழைய கட்டடத்தில் ஒற்றை அறையோடு வாழும் முதியவர்களும் அங்கே உண்டு, அவர்களுக்குச் சலுகை வேண்டும். ஆனால் சதுர அடியை மட்டும் அளந்து சலுகை தருவது தவறான அளவுகோல். மாட்டுங்காவில் 480 சதுர அடி வீடு கோடிகளுக்குப் போகும்; மான்குர்த்தில் அதே அளவு வீட்டின் விலையும் அதில் வாழ்பவரின் வருமானமும் வேறு. வீட்டின் மதிப்பையும், உரிமையாளர் அங்கே வசிக்கிறாரா வாடகைக்கு விட்டிருக்கிறாரா என்பதையும் பார்த்து வரி போட்டால், முதியவரும் தப்புவார், நகரமும் பிழைக்கும். வரியைக் குறைத்துக் கைதட்டல் வாங்கிய அரசுகளுக்கு என்ன ஆகும் என்று அறிய நமக்கு அடுத்த தீவே போதும். இலங்கை 2019 டிசம்பரில் மதிப்புக் கூட்டு வரியை 15 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாக வெட்டியது. கொரோனாவும் உரத் தடையும் சேர்ந்துகொள்ள, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அதன் பிறகு 2024-இல் அதே வரி 18 விழுக்காடானது. தவிர்த்த சுமை இரட்டிப்பாகத் திரும்பியபோது அதைச் சுமந்தவர்கள் யாழ்ப்பாணத்து மீனவரும் மலையகத்துத் தோட்டத் தொழிலாளியும்.

தாராவி மறுசீரமைப்புத் திட்டத்திலும் மாநகராட்சியின் பணப்பை மெல்லத் திறக்கப்படுகிறது. அது அதானி குழுமம் 80 விழுக்காடும் மாநில அரசு 20 விழுக்காடும் பங்கு வைத்திருக்கும் நிறுவனத்தின் திட்டம். தாராவியிலேயே வீடு பெறத் தகுதியில்லை என்று கணக்கிடப்படுபவர்களைக் குடியமர்த்தவென மாநில அரசு கொடுத்த நிலங்களில் தேவ்னார் குப்பைமேட்டின் ஒரு பகுதியும் அடங்கும். அங்கே பல பத்தாண்டுகளாகக் குவிந்த 185 லட்சம் டன் குப்பையை அகற்ற 2025 மே மாதம் டெண்டர் விட்டது மாநகராட்சி, மதிப்பு ரூ. 2,368 கோடி. குப்பையை அகற்றுவது மாநகராட்சியின் கடமைதான். கோவண்டியிலும் செம்பூரிலும் அந்தப் புகையைச் சுவாசித்து நோயாளியான குழந்தைகளுக்காக அதை எப்போதோ செய்திருக்க வேண்டும். அவர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டபோது நகராத வேலை, நிலம் ஒரு திட்டத்துக்குத் தேவைப்பட்டதும் நகர்கிறது. சுத்தமாகும் நிலத்தின் மதிப்பில் மாநகராட்சிக்கு என்ன பங்கு, அங்கே குடியேறுவோருக்கான பள்ளி, தண்ணீர், மருந்தகத்தின் அன்றாடச் செலவை யார் ஏற்பது என்பதெல்லாம் அவையின் முன் எழுத்தில் வைக்கப்பட வேண்டும்.

புதிய அவை செய்யக்கூடியவை பெரிய புரட்சிகள் அல்ல. ஊழியர் நிதியையும் ஒப்பந்ததாரர் முன்பணத்தையும் தனியே பிரித்து, உண்மையில் நகரத்துக்குச் சொந்தமான கையிருப்பு எவ்வளவு என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடலாம். ஓராண்டு அன்றாடச் செலவுக்குச் சமமான தொகைக்குக் கீழே கையிருப்பு இறங்கக் கூடாது என்றும், அதை மீற வேண்டுமானால் அவையில் மூன்றில் இரண்டு பங்கினர் கையுயர்த்த வேண்டும் என்றும் விதி வகுக்கலாம். ஆயிரம் கோடிக்கு மேற்பட்ட எந்தப் பணிக்கும் முப்பது ஆண்டுப் பராமரிப்புக் கணக்கைச் சேர்த்தே ஒப்புதல் கேட்க வேண்டும். மாநிலத்தின் ஈட்டுத்தொகை தாமதமானால் எந்தப் பணி நிறுத்தப்படும், எது நிறுத்தப்படாது என்ற வரிசையையும் முன்கூட்டியே அறிவிக்கலாம்; ஆஸ்பத்திரி, பேருந்து, தண்ணீர், கழிப்பறை ஆகியவை நிறுத்தப்படாத பட்டியலில் முதலில் வரட்டும். அதிகாரியின் கையைக் கட்டினால் வேலை மந்தமாகும் என்பார்கள். கட்டில்லாமல் இருந்த ஆண்டுகளில் வேலை எவ்வளவு விரைந்தது என்பதைத் தோண்டிய சாலைகள் சொல்லும்.

அண்மை ஆண்டுகளில், வரவு செலவுத் திட்டத்துக்கு முன்பு பொதுமக்களிடம் மாநகராட்சி கருத்துக் கேட்டது. 2025-26 திட்டத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆலோசனைகள் போயின. அந்த வழி திறந்திருக்கும் வரை அதைப் பயன்படுத்த வேண்டும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பழைமையான தமிழ் அமைப்புகள் இருக்கின்றன. கணக்காளர்களும் வங்கி அதிகாரிகளும் ஓய்வுபெற்ற மாநகராட்சிப் பொறியாளர்களும் அவற்றில் உறுப்பினர்கள். தாராவியில் கழிப்பறைச் சங்கங்களை நடத்தும் பெண்களுக்கு, ஒரு டேங்க் துப்புரவுக்கு எவ்வளவு ஆகும் என்பது எந்தப் பொறியாளரையும்விட நன்றாகத் தெரியும். இந்த இரு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து, தங்கள் பகுதிகள் அடங்கிய ஜி நார்த், எஃப் நார்த், எம் வார்டுகளின் அன்றாடச் செலவுக் கணக்கை எழுதி, அடுத்த திட்டம் அச்சாகும் முன் தங்கள் உறுப்பினர்களிடம் கொடுக்கட்டும்.